முந்தி பாக்கி

இது நடந்தது. நம்பாதவர்கள் என் வலது கையைப் பார்க்கலாம். நடுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரைப் பார்த்துக் கை காட்டினாலும் ஆசீர்வாதம் செய்வது போலவே இருக்கிறது. கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும்போதே இந்தப் பதவி எல்லாருக்கும் கிடைக்காது.

சாட்சி வேண்டுமானால் ஸ்ரீவர்தனைக் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று. நான் குடிக்கவில்லை. பன்னிரண்டு மணி அடிக்கவில்லை. நாய் ஊளையிடவில்லை. வெள்ளைப் புடவை யாரும் கட்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் வெள்ளைப் புடவை விலை போகாது. நடந்தது விடியற்காலையில், பால்காரர் வருகிற நேரத்தில். எனக்குச் சிரிக்கிற மாதிரிதான் எழுத வரும். அதற்காக இதைச் சிரிக்கிற விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கால்வாய் ஓடுகிறது. நாங்கள் காவா என்போம். பட்டுக்குச் சாயம் போட்டு அலசிய தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து சேரும். முகூர்த்த மாதங்களில் அரக்குச் சிவப்பாக ஓடும். ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, அதனால் வெறும் சாக்கடை நிறம். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துவந்த இந்த இடத்துக்குப் போன வருடம் திடீரென்று ‘ஹெரிடேஜ் கெனால் டிஸ்ட்ரிக்ட்’ என்று பெயர் வந்தது.

வைத்தவர் ராஜவேலு அண்ணன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். காவாக் கரையில் பூட்டிக் கிடந்த பழைய நெசவாளர் வீடுகளை வாங்கினார். ஒன்றில் காபிக் கடை. ஒன்றில் புடவைக் கடை. கடைசி வீட்டில் சாப்பாடும் தங்கும் அறைகளும். ‘கெனால் வியூ’ அறைக்கு வாடகை அதிகம். அந்த அறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி.

ஸ்ரீவர்தன் என்னோடு படிப்பவன். சின்ன காஞ்சிபுரம். அவன் தாத்தா கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர். பேரன் யூடியூபில் தோசை சேவிப்பவன். ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சாப்பிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டி, வீடியோ போடுவான். ராஜவேலு அண்ணன் அவனைக் கூப்பிட்டு, ஓர் இரவு தங்கிச் சாப்பிட்டு வீடியோ போடச் சொன்னார். அவன் என்னையும் இழுத்தான்.

“நீ நெசவுக்காராத்துப் பையன்டா. தறியைப் பத்தி நாலு வார்த்தை சொன்னா ஆத்தென்டிக்கா இருக்கும்.”

“சாப்பாடு?”

“ஃப்ரீ.”

“நான் ரொம்ப ஆத்தென்டிக் மச்சி.”

போனோம்.

கூடத்தின் நடுவில் தறிக்குழி இருந்தது. பட்டு நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். ராஜவேலு அண்ணன் தறியைப் பிரித்து எடுத்துவிட்டு, குழியை அகலமாக்கி, சுற்றிலும் சிமென்ட் பூசி, மேலே குறுக்காக ஒரு தேக்குப் பலகையைப் போட்டிருந்தார். விருந்தாளி காலைக் குழிக்குள் விட்டு உட்கார வேண்டும். இலை பலகையில். இதற்குப் பெயர் ‘பிட் டைனிங்’.

“ஜப்பான்ல இப்படித்தான் உக்காந்து சாப்புடுவாங்க தம்பி” என்றார்.

“நம்ம ஊர்ல இப்படி உக்காந்தவங்க சாப்பாட்டுக்காக உக்காந்தாங்கண்ணா.”

“சூப்பர். இத அப்படியே வீடியோல சொல்லு.”

எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக நெய்கிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் இப்படித்தான் ஜோடியாக உட்காருவார்கள். கோர்வை என்பார்கள். இடது பக்கம் நான். வலது பக்கம் ஸ்ரீவர்தன்.

கேமராவுக்கு முன்னால் எங்கள் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொன்னேன். பின்னால் வேண்டியிருப்பதால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதை ‘அறுக்கிறது’ என்போம். வேறு வீடுகளில் அந்தச் சொல்லை உச்சரித்தால் வாயில் அடி விழும். எங்களுக்கு அதுதான் கூலி வருகிற நாள். ஆனால் நெய்தவர் தானாகக் கத்தியை வைத்துவிட மாட்டார். தறியில் இருந்தபடியே வீட்டைப் பார்த்துக் கேட்பார்: “அறுக்கலாமா?” வீட்டில் இருக்கிற யாராவது “அறுங்க” என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கத்தி. வேண்டாம் என்ற பேச்சும் ஆகாது. பொறுக்கச் சொல்ல வேண்டுமானால் “முந்தி பாக்கி இருக்குது” என்று சொல்ல வேண்டும். முந்தானை இன்னும் நெய்யவில்லை, சேலை முடியவில்லை என்று அர்த்தம்.

என் அப்பா கைலாசம் கேட்டால் நான் குளியலறையிலிருந்தே பதில் சொல்வேன். அம்மா ஒரு தடவை தூக்கத்தில் சொல்லியிருக்கிறாள். நாங்கள் யாரும் இல்லாத ஒரு நாள் அப்பா கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டு சங்கரி அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து “அறுத்துடுண்ணா!” என்று கத்தினாளாம். அப்பாவும் அறுத்துவிட்டார். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். சுவர் பொது என்றால் பதிலும் பொது.

ஸ்ரீவர்தன் கேமராவை நிறுத்தினான். “செம கன்டென்ட்டுடா.”

சமையலறை வாசலில் ஒரு பாத்திரம் விழுந்தது.

சமையல்கார அம்மா நின்றிருந்தாள். பட்டம்மாள் என்று பெயர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொட்டிய சாம்பாரைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. கத்திரிக்காய் முழுதாக இருந்தது. சின்ன வெங்காயம் முழுது. உருளைக்கிழங்கு முழுது. கீரை கிள்ளிப் போட்டது. அவரைக்காய் கையால் ஒடித்தது. வெட்டிய காய் ஒன்றுகூட இல்லை.

“ஒரு லெமன் கட் பண்ணிக் குடுங்கோ மாமி” என்றான் ஸ்ரீவர்தன்.

“கத்தி கெடையாது.”

“கிச்சன்லயா கத்தி இல்லே?”

“இந்த வூட்டுல கெடையாது.”

“அதான் நம்ம கான்செப்ட்” என்றார் ராஜவேலு அண்ணன். எந்தக் கான்செப்ட் என்று அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் கூடத்திலிருந்து “பட்டம்மா, ரசம் ஊத்தலாமா?” என்று கூப்பிட்டால் அவள் பதில் சொல்வதில்லை. அடுப்பை விட்டுவிட்டு, கூடம் வரைக்கும் நடந்து வந்து, அவருக்கு எதிரில் நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போவாள். மோருக்கும் அப்படி. அப்பளத்துக்கும் அப்படி. முழங்கால் வலியோடு இத்தனை நடை எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஸ்ரீவர்தன் கத்தினான்.

“ஏன்டா உதைக்கறே?”

“நான் எங்கடா உதச்சேன்?”

“இப்ப உதைச்சியே!”

பலகை துள்ளியது. ரசம் அவன் மடியில் கவிழ்ந்தது. அடுத்த உதை எனக்கு. சும்மா பட்ட மாதிரி இல்லை. கொல்கிற கோபத்தில் விட்ட உதை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

உதை எதிரிலிருந்து வந்தது.

எதிரில் குழியின் சுவர்தான் இருந்தது. புதுச் சிமென்ட்.

செல்போன் வெளிச்சத்தில் குழிக்குள் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஸ்ரீவர்தனின் வலது கணுக்காலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. கிழிசலுக்கு மேலே வரிசையாக நாலு பள்ளம். பின்பக்கம் ஒரு பள்ளம். கையால் பிடித்து இழுத்தால் அப்படித்தான் பதியும்.

“பெருச்சாளியா இருக்கும்” என்றார் ராஜவேலு அண்ணன். “வீடியோல வேணாம்.”

சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளைத் தவிர யாரும் அங்கே தங்கக் கூடாதாம். பட்டம்மாளைக் கிளம்பச் சொன்னார். நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து என் தாடையைப் பிடித்தாள். பாசமாக இல்லை. நகம் பதிந்தது.

“நெசவு வூட்டுப் புள்ளயா?”

“ம்...”

“ராவுல இங்க யாரு எது கேட்டாலும் வாயத் தொறக்காத. வாயில துணிய வெச்சிக்கினு படு.”

“யாரு கேப்பாங்க?”

“பட்டம்மா, பூட்டலாமா?” என்று வாசலிலிருந்து ராஜவேலு அண்ணன் குரல் வந்தது. அவள் என் தாடையை விட்டாள். வாசல் வரை நடந்து போய்த் தலையை ஆட்டினாள்.

அவர் வெளியே இரும்புக் கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எங்கள் பாதுகாப்புக்காம். காலையில் வந்து திறப்பாராம்.

கூடத்தை ஒட்டிய அறையில் படுத்தோம். பட்டம்மாள் சொன்னதை ஸ்ரீவர்தனிடம் சொல்லிச் சிரித்தேன். வாயில் துணி வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருக்கலாம்.

தூங்கி எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பளார் என்று ஒரு அறை. காது அடைத்துவிட்டது. எழுந்து உட்கார்வதற்குள் ஸ்ரீவர்தன் என் மூக்கில் குத்தினான்.

“பைத்தியமாடா உனக்கு? எதுக்குடா அறைஞ்சே?”

“நீதான்டா என்ன அறஞ்ச!”

நான் திருப்பிக் குத்தினேன். அவன் உதட்டில் பட்டது. மூன்று வருட நட்பில் முதல் தடவையாகக் கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டோம். பிரபந்தக்காரர் வீட்டுப் பையன் என் தோளைக் கடித்தான். நான் அவன் தலையைச் சுவரில் மோதினேன். எங்களுக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் புரியவில்லை. அந்த வீட்டில் அது தரையிலிருந்து ஊறியது போல இருந்தது.

கை சுவிட்சில் பட்டு விளக்கு எரிந்தது. நின்றோம்.

அவன் கன்னத்தில் ஐந்து விரல் சிவந்து பதிந்திருந்தது. என் கன்னத்திலும் அதே ஐந்து விரல் என்று அவன் சொன்னான். தன் கன்னத்து அடையாளத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தான். பிறகு என் கன்னத்தில் தன் கையை வைத்துப் பார்த்தான்.

எங்கள் இரண்டு பேர் விரலும் அவ்வளவு நீளம் இல்லை.

ராஜவேலு அண்ணனுக்குப் போன் செய்தோம். எடுக்கவில்லை. கேட் ஏறிக் குதிக்க முடியாத உயரம், மேலே கம்பி முனைகள். விளக்கை எரியவிட்டு, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை.

டக்... டக்... டக்...

தறிச் சத்தம்.

மற்றவர்கள் இந்த இடத்தில் பயந்திருப்பார்கள். என்னைப் போல ஒருவனுக்கு அது தாலாட்டு. பிறந்ததிலிருந்து தினமும் விடியற்காலையில் அந்தச் சத்தத்தில்தான் புரண்டு படுத்திருக்கிறேன். அப்பா எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். போர்வையை இழுத்துக்கொண்டேன்.

டக்... டக்...

நின்றது.

“அறுக்கலாமா?”

அப்பா குரல்தான். அதே இழுப்பு.

“ம்... அறுங்கபா” என்றேன்.

திரும்பிப் படுத்தேன்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

மூக்கில் காவா நாற்றம் ஏறியது.

எங்கள் வீட்டில் காவா நாற்றம் கிடையாது.

கண்ணைத் திறந்தேன். விளக்கு அணைந்திருந்தது. செல்போனில் மணி ஐந்து நாற்பது. என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை.

“ஸ்ரீ...”



கூடத்துக்கு ஓடினேன். தேக்குப் பலகை இரண்டாக உடைந்து இரண்டு மூலையில் கிடந்தது. முற்றத்திலிருந்து சாம்பல் வெளிச்சம். ஸ்ரீவர்தன் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். வலது பக்கம். அவன் இடம்.

கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவன் உச்சி முடி நட்டுக்கொண்டு நின்றது.

ஒரு கைப்பிடி முடி. முறுக்கிப் பிடித்த மாதிரி.

பிடித்த கை இல்லை.

தலை பின்னால் வெடுக்கென்று இழுபட்டது. கழுத்து நிமிர்ந்தது. இடது காதுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. புள்ளி நகர்ந்தது. கோடானது. நிதானமாக... நேராக... கரை பிசகாமல் சேலை அறுக்கிற மாதிரி.

பாய்ந்தேன். நெஞ்சில் ஓர் உதை. சுவரில் போய் விழுந்தேன். விலா எலும்பு ஒன்று உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடியும் பாய்ந்தேன். அவன் கால்கள் குழிக்குள் இழுபட்டன. இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது. அது பலசாலி.

கோடு தொண்டைக் குழிக்கு வந்துவிட்டது.

கையைக் குறுக்கே வைத்தேன்.

முதலில் குளிர்ச்சி. அப்புறம் சூடு. என் விரல்களைப் பார்த்தேன். எதிரில் கத்தி இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் திறந்துகொண்டே போயின. எலும்பில் ஏதோ உரசியது. கர்... கர்...

“வேணாம்!”

கர்...

“வுட்ரு! வேணாம்!”

கர்...

வேண்டாம் என்ற பேச்சு ஆகாது.

அப்போதுதான் உறைத்தது.

“முந்தி!” என்று கத்தினேன். “முந்தி பாக்கி... முந்தி பாக்கி இருக்குது!”

நின்றது.

அவன் முடி பொத்தென்று விழுந்தது. அவனும் என் மேல் விழுந்தான். இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாகக் குழிக்குள் சொட்டியது.

அப்பாடா என்று மூச்சு விடவில்லை. விடுவதற்குள் கேட்டுவிட்டது. தறி இல்லாத அந்தக் குழியிலிருந்து. அவசரமே இல்லாமல்.

டக்... டக்... டக்...

மிச்சத்தை நெய்ய ஆரம்பித்துவிட்டது.

விடிந்ததும் கேட்டைத் திறந்து எங்களைத் தூக்கிப் போன ராஜவேலு அண்ணன், ஆஸ்பத்திரியில் “கண்ணாடி டேபிள் ஒடஞ்சிடுச்சி டாக்டர்” என்றார். அந்த வீட்டில் கண்ணாடி டேபிளே கிடையாது. டாக்டர் ஸ்ரீவர்தனின் கழுத்தை வெகுநேரம் பார்த்தார். “ஸ்கேல் வெச்சிக் கோடு போட்டா மாரி இருக்குது. இன்னும் ஒரு இழை உள்ள எறங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றார். எங்கள் ஊர் டாக்டர். இழைக்கணக்கில்தான் பேசுவார்.

ஸ்ரீவர்தனை அவன் அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனார். காற்று மட்டும் வருகிற குரலில் “நன்னா இருக்கேன்டா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் பட்டம்மாள் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கட்டுப் போட்ட என் கையைத் தொடவில்லை.

“சொல்லிட்டியா?”

தலையாட்டினேன். அவளிடம் கற்றுக்கொண்டது.

“அது என் வூடுபா” என்றாள். “நான் வாக்கப்பட்ட வூடு. என் வூட்டுக்காரரு குப்புசாமியும் கொழுந்தன் முத்துக்குமாரும் ஜோடியா கோர்வை போடுவாங்க. கொழுந்தன் வலப் பக்கம்.”

ஸ்ரீவர்தன் உட்கார்ந்த பக்கம். அவள் தொடர்ந்தாள்.

“ஒரு நாளு வெடிகாலைல கெணத்தாண்ட துணி அலசிக்கினு இருந்தேன். உள்ளேருந்து ‘அறுக்கலாமா’ன்னு கேட்டுச்சி. என் வூட்டுக்காரரு கொரலு. பாதி சேலதான் ஆயிருக்குது, அதுக்குள்ள என்னா அறுக்கறாருன்னு, ‘முந்தி பாக்கி இருக்குது’ன்னு சொன்னேன். அப்பதான் வாசக் கதவத் தொறந்துக்கினு உள்ள வராரு அவரு. கையில பாலு.”

“அப்ப கேட்டது யாரு?”

“அவரும் அதாம்பா கேட்டாரு. சிரிச்சிட்டு வுட்டுட்டோம்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“முந்தி போட்டு முடிச்ச அன்னிக்கி அவரு பட்டு வாங்கப் போயிட்டாரு. கொழுந்தன் மட்டும் தறியில. எனக்கு அடுப்புல ரசம் கொதிக்குது. ‘அறுக்கலாமா’ன்னு கேட்டுச்சி. நான் ‘அறுங்க’ன்னுட்டேன்.”

சேலை அறுபடாமல் அப்படியே தறியில் இருந்ததாம். கொழுந்தன் அதன் மேல் கவிழ்ந்து கிடந்தானாம். கத்தி எதுவும் கிடைக்கவில்லை. குரல் கேட்டது என்று அவள் சொன்னாள். யாருடைய குரல் என்று போலீஸ் கேட்டது. புருஷன் குரல் என்றாள். அது போதுமாக இருந்தது. குப்புசாமி ஜெயிலிலேயே செத்துப்போனார்.

“அப்புறம் ஏம்மா அந்த வூட்டுலயே சமையல் வேலைக்கு வந்த?”

“வேற யாரும் பதிலு சொல்லிடக் கூடாதுன்னுதான்.”

ஒரு தைரியத்துக்காகக் கேட்டேன். “அது அந்தக் குழியிலதான இருக்குது? நாங்க இனிமே அந்தப் பக்கமே போவ மாட்டோம்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

“அது எடத்தக் கேக்கலபா. ஆளக் கேக்குது. மொதல்ல கேட்டப்ப கொழுந்தன் வூட்டுலயே இல்ல. மாமியா வூட்டுக்குப் போயிருந்தான், செவிலிமேட்டுக்கு. அன்னிக்கி அங்கயும் அந்தக் கொரலு கேட்டுதாம். அது நெசவு வூடு கெடையாது. யாருக்கும் பதிலு சொல்லத் தெரியல. அதனால பொழச்சி வந்தான்.”

கதவு வரை போனவள் திரும்பினாள்.

“முந்தி போட எத்தினி நாளு ஆவும்? நெசவுக்காரன் மவன்தானே நீ. கணக்குப் போட்டுக்கோ.”

அன்றிரவே வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எழுந்து தறி அறைக்குப் போனார். தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூலை, நீளவாக்கில் கட்டிய அத்தனை இழைகளையும், பாதியிலேயே இறக்கிச் சுருட்டிவிட்டார். தறி காலியாக இருந்தால் யாரும் எதையும் கேட்க முடியாது என்பது அவர் கணக்கு. எனக்கும் சரியென்றுதான் பட்டது. அம்மா தையல்நாயகி இனி அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள்.

ஸ்ரீவர்தனுக்கும் போன் செய்தேன். “வீட்டைவிட்டு வராதே. முக்கியமா எங்க தெருப் பக்கம் வராதே.” அவன் வீடுதான் பத்திரம். அங்கே யார் எப்படிக் கேட்டாலும் அவன் அம்மா “பெருமாளே, என்ன பேச்சு இது!” என்று காதைப் பொத்திக்கொள்வாள். “சரிடா” என்றான்.

நேற்று முன்தினம் காலையில் வந்து நின்றான். கழுத்தில் கட்டு. கையில் கோயில் இட்லி, எனக்காக.

“உன்னை வர வேணாம்னு சொன்னேன்ல!”

“வீட்டுல போர் அடிக்கறதுடா. பயந்தாங்குளி” என்றான், காற்றுக் குரலில். கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தான்.

அவனை எழுப்பி வெளியே தள்ளுவதற்காகச் சட்டையைப் பிடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிட்டான். அம்மா சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

தறி அறையிலிருந்து கேட்டது.

“அறுக்கலாமா?”

அப்பா குரல். அதே இழுப்பு.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். வாய் திறந்தது. “அ...”

பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். சுவரில் மோதினாள். உதடு கிழிந்தது. என் தையல் பிரிந்தது. அவள் பல்லும் என் ரத்தமும் ஒன்றாக என் உள்ளங்கையில் இருந்தன. நான் கையை எடுக்கவில்லை.

சத்தமே இல்லை.

கடுகு மட்டும் வெடித்தது.

“அறுக்கலாமா?”

அம்மா என் கைக்குள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சொல்ல மாட்டேன்... சொல்ல மாட்டேன்...

சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சங்கரி அக்கா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, எங்களுக்கு உதவியாக...

“அறுத்துடுண்ணா!”

திரும்பினேன். ஸ்ரீவர்தன் சிரிப்பை இன்னும் முடிக்கவில்லை. அவன் உச்சி முடி மெதுவாக எழுந்து நின்றது.

“முந்தி பாக்கி இருக்குது!” என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்பா இறக்கிவிட்டதால் தறியில் பாவே இல்லை; அது குழியில் நெய்த முந்தியும் முடிந்திருந்தது. பாக்கி என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

அது நின்று கேட்கவில்லை.